சித்தப்பாவுக்கு நான் எடுத்த ஆரத்தி

பிரிட்ஜ்வாட்டரில் எங்கள் வீட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு பூங்கா. கோடைக்குக் கோடை அங்கே சண்டை நடத்துகிறார்கள். முன்னொரு காலத்தில் இங்கிலாந்துக்காரன் படை இந்த நியூஜெர்சிக்குள் புகுந்து, அடி வாங்கித் திரும்பியதை நடித்துக் காட்டுவது. சண்டை முடிந்ததும் தோற்ற சிவப்புச் சட்டைக்காரர்களும் சிரித்துக்கொண்டே ஐஸ்கிரீம் வண்டிக்கு வந்துவிடுவார்கள். இந்த வருஷம் அதைப் பார்த்துவிட்டுக் காரில் வரும்போது கொள்ளுப்பேத்தி கேட்டாள், "பாட்டி, நீ ரியல் ஆர்மி பாத்திருக்கியா?"

"பாத்ததா? ஆரத்தியே எடுத்தவடி நான்" என்றேன்.

அப்போது எனக்கு ஏழு வயது. ரங்கூனில் இருந்தோம். அப்பாவுக்கு அரிசி ஆலையில் வேலை, தெரு முழுக்க நம் ஆட்கள். வெள்ளைக்காரனிடமிருந்து இந்தியாவை மீட்க நம்மவர்களே ஒரு படை சேர்த்து, பர்மா எல்லை வழியாக உள்ளே நுழையப் புறப்பட்டார்கள். சித்தப்பாவும் கிளம்பினார். அப்பா கூடாது என்றார். "ஜெயிச்சா இந்த வாசல்ல வந்து நிப்பேன். இல்லன்னா உங்க மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார் சித்தப்பா.

ஜெயித்து வருகிறவருக்கு ஆரத்தி நான்தான் எடுப்பேன் என்று அம்மாவிடம் அன்றைக்கே சொல்லி வைத்துவிட்டேன்.

மழைக்காலம் வந்தது. காட்டில் மழையிலும் பசியிலும் மாட்டிக்கொண்டு படை திரும்பி வருகிற சேதி தெருவில் பெரியவர்களுக்கெல்லாம் தெரியும். எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஒரு நாள் மத்தியானம் கொல்லைப்பக்கம் பேச்சுக்குரல் கேட்டுப் போய்ப் பார்த்தேன். தாடியும் எலும்புமாக ஒரு ஆள், வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். குரலை வைத்துத்தான் சித்தப்பா என்று கண்டுபிடித்தேன்.

"உள்ள வாங்க தம்பி" என்று அம்மா கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வேணாம் அண்ணி. ஒரு வேட்டி மட்டும் குடுங்க, அண்ணன் பாக்குறதுக்குள்ள எங்கயாச்சும் போயிடுறேன்."

நான் அதற்குமேல் நிற்கவில்லை. பக்கத்து வீட்டு அத்தையின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பைக் கேட்காமல் எடுத்துவந்து, தட்டில் மஞ்சள் தண்ணீரில் கரைத்தேன். ரத்தமாகச் சிவந்தது. தட்டை வாசலில் வைத்துவிட்டு ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

"இங்க நிக்கக்கூடாது சித்தப்பா. ஆரத்தி வாசல்லதான் எடுக்கணும்."

ஏழு வயதுப் பிள்ளை இழுத்த இழுப்புக்கு வந்தார் அந்தப் படைவீரர். வேறு வழி இல்லை, உடம்பில் தெம்பு இல்லை. வீட்டைச் சுற்றி அழைத்துவந்து வாசலில் நிறுத்தித் தட்டைச் சுற்றினேன்.

"என்னடி விசேஷம்? என் சுண்ணாம்பு எங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் பக்கத்து வீட்டு அத்தை.

"சித்தப்பா ஜெயிச்சுட்டு வந்துட்டார் அத்தை" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்.

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். அத்தை அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கையை வாயருகே வைத்துக் குலவை போட்டாரே பாருங்கள். அடுத்த வீடு, எதிர்வீடு என்று பெண்களெல்லாம் சேர்ந்துகொண்டார்கள். அந்தத் தெருவில் எந்தக் கல்யாணத்துக்கும் அப்படி ஒரு குலவை எழும்பியதில்லை. ஆரத்தித் தண்ணீரைத் தொட்டு சித்தப்பா நெற்றியில் பெரிதாகப் பொட்டு வைத்தேன். குனிந்திருந்த தலை நிமிர்ந்தது. எந்த ராஜா வீட்டுப் பெண்ணும் அன்றைக்கு எனக்குச் சமமில்லை.

சத்தம் கேட்டு அப்பா வெளியே வந்தார். தம்பியை நெடுநேரம் பார்த்தார்.

"வாசல்ல வந்து நிப்பேன்னு சொன்னான், நிக்கிறான்" என்றார். "உள்ள வாடா, சோறு ஆறுது."

சாப்பிடும்போது நான் சித்தப்பாவை ஒட்டி உட்கார்ந்துகொண்டு, "டெல்லி வரைக்கும் போனீங்களா?" என்று கேட்டேன். அவர் கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது.

"அவன் வீடு வரைக்கும் வந்துட்டான்ல, அது போதும். நீ பேசாம சாப்பிடு" என்றார் அப்பா.

தம்பி ஜெயித்து வந்தும் அப்பாவுக்குக் கோபம் தீரவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.