எந்த மங்கு அவளுடையது?

போட்டோ ஸ்டுடியோவில் கணினி முன்னால் உட்கார்ந்து முகங்களைத் திருத்துகிறவளுக்குப் பட்டப்பெயர் 'பவுடர்'. கன்னத்து மங்கு தெரியாமலிருக்க அரை டப்பாவை அப்பிக்கொண்டுதான் வாசற்படி தாண்டுவாள். பிள்ளை பெற்ற பிறகு வந்து ஒட்டிக்கொண்ட மங்கு, எந்தக் களிம்புக்கும் மசியவில்லை. வாடிக்கைக்காரப் பெண்களின் கன்னங்களில் எத்தனையோ பார்த்துத் துடைத்திருக்கிறாள். ஆனால் அதெல்லாம் வேலை, இது முகம்.

அன்று வந்தது அவளுடைய பள்ளித் தோழிகள் கூடி எடுத்துக்கொண்ட படம். எல்லாரும் நாற்பதைத் தொட்டவர்கள். நெருக்கியடித்த நடுவரிசையில் அவளும் ஒளிந்து நின்றாள், வியர்வையில் பவுடர் கரைந்துபோய்.

அவள் எதையும் ஒரேயடியாக அழிக்க மாட்டாள். யாராவது திருப்பிக் கேட்டால் என்ன செய்வதென்று, வெட்டி எல்லாவற்றையும் ஒரே தனி லேயரில், படத்தின் மேல் விரித்த கண்ணாடித்தாள் போன்ற அடுக்கில், வைப்பாள். முதலில் தன் கன்னத்தில் இருந்ததை எடுத்தாள். பிறகு பக்கத்தில் நின்றவள், அவளுக்குப் பக்கத்தில் நின்றவள் என்று வேலை நீண்டுகொண்டே போனது. கடைசியில் மங்குகள் இருந்த லேயரை மறைக்கப்போய், கை தவறிப் படம் இருந்த லேயரை மறைத்துவிட்டாள்.

முகங்கள் போய்விட்டன. வெள்ளைத் திரையில் பழுப்பு மேகங்கள் மட்டும் சோம்பலாக மிதந்தன. ஒன்று இறகு விரித்த பட்டாம்பூச்சி, ஒன்று தண்ணீரில் விழுந்த இலை நிழல். கன்னத்தைத் தடவியபடி தன்னுடையதைத் தேடினாள். இதுவா, அதுவா? தினமும் கண்ணாடியில் முறைத்துக்கொண்டிருந்த மங்கு கூட்டத்தோடு கூட்டமாகக் கலந்துவிட்டிருந்தது.

பிரிண்டைப் பார்த்த முதலாளி கேட்டார்: "என்னம்மா, மங்கெல்லாம் அப்படியே இருக்கு?"

"எது என்னுதுன்னு தெரியலண்ணே. அதான் எல்லாருக்கும் திருப்பிக் குடுத்துட்டேன்."