கப்பல்காரன் பெண்டாட்டியும் ஒற்றைக் கோடும்

மாடி அறையில் தனியாக இருக்கிறவள் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறாள். புருஷன் சரக்குக் கப்பலில். கப்பல் கரை சேர்ந்தால்தான் போன் வரும். அவன் விடுப்பு முடிந்து போனதிலிருந்து அவளுக்கு ஒரே நினைப்பு, அடுத்த போனில் 'உண்டாகியிருக்கேன்' என்று சொல்லிவிட வேண்டும். நாள் தள்ளட்டும், அப்புறம் சோதித்துப் பார் என்று கீழ்வீட்டிலிருந்து நான் கத்தினேன். கேட்டால்தானே.

போன் வருகிற அன்று சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் வராததுமாகச் சோதனை அட்டையோடு குளியலறைக்குள் போனாள். ஒற்றைக் கோடு. "இல்லைங்க" என்று போனில் சொன்னாள். "சரி விடு" என்றானாம். கப்பல் கடலுக்குள் போய்விட்டது. அதற்கப்புறம் அவள் அறையில் விளக்கு எரிந்ததையே நான் பார்க்கவில்லை.

பிறகு நாள் தள்ளியது. "அதான் இல்லன்னு காட்டிடுச்சே பாட்டி" என்றாள். நான் விடுகிற ஆளா? மருந்துக்கடைக்கு இழுத்துப் போனேன்.

கடைக்காரப் பெண் கேட்டாள். "போன தடவை எப்பம்மா பாத்தீங்க?"

"நாள் தள்றதுக்கு முன்னாடி. சாயங்காலம்."

"தண்ணி நிறைய குடிச்சிருந்தீங்களா?"

"நாள் பூரா இஸ்திரி ஆவியில நிக்கிறவங்க குடிக்கலன்னா மயங்கித்தான் விழணும்."

"அப்ப எப்படி காட்டும்? அவ்ளோ சீக்கிரம் தெரியாது. தண்ணி குடிச்சா நீர்த்தும் போயிடும். காலையில எந்திரிச்சதும் முதல் சிறுநீர்ல பாருங்க. உறையில சொன்ன நேரத்துக்குள்ள பாத்துடுங்க, அதுக்கப்புறம் தெரியிற கோட்டை நம்பாதீங்க. மறுபடியும் ஒத்தைக் கோடுன்னா, ஒரு வாரம் விட்டுப் பாருங்க. இல்லன்னா டாக்டர்கிட்ட போய் ரத்தம் குடுங்க."

மறுநாள் விடிந்ததும் கதவைத் தட்டினாள். அட்டையை நீட்டினாள்.

"எனக்கு ஏதுடி படிப்பு?"

"எண்ணத் தெரியும்ல?"

இரண்டு கோடு. நான் அழுதேன், அவள் அழவில்லை. புருஷனுக்குப் போன் போட்டாள், கிடைக்கவில்லை. இன்னொரு தடவை போட்டாள், அப்போதும் கிடைக்கவில்லை.

"துணி மூட்டை தூக்காதே. மேற்பார்வைக்காரர்கிட்ட சொல்லி வேற வேலை கேளு" என்றேன்.

"அவர் காதுல விழாம வேற யாருக்கும் சொல்ல மாட்டேன் பாட்டி."

"அப்ப நான் யாருடி?"

"நீங்க கோடு எண்ணினவங்க."

சாயங்காலம் திரும்பி வந்தவள், மேற்பார்வைக்காரரிடம் இடுப்பு வலி என்று சொல்லித் துணி மடிக்கிற மேசைக்கு மாறிவிட்டதாகச் சொன்னாள். சாப்பிட வா என்றேன். போன் வந்தாலும் வரும் என்று மாடிக்குப் போய்விட்டாள். அவன் கரை சேர இன்னும் எத்தனையோ நாள் இருக்கிறது என்பது அவளுக்கும் தெரியும்.