மதினி போட்ட குழிக் கணக்கு

மதினியின் உள்ளங்கைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. கணக்குப் புத்தகத்தில் விடை இருக்கும் பாதிப் பக்கத்தை அது மூடியிருக்கும். செல்லூரில், தறிச் சத்தம் சுவரைத் துளைத்து வரும் ஒற்றை அறை. அண்ணன் செத்த பிறகு பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனியாக எழுதப் படித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் பாதாளச் சாக்கடைக்குள் இறங்கினவன், ஏறி வரவில்லை. மாநகராட்சியில் வாரிசு வேலை தருகிறோம் என்றார்கள். பத்தாவது தேறினால் அலுவலகத்தில் நாற்காலி. தேறாவிட்டால் அண்ணன் பார்த்த அதே துப்புரவு.

முதல் முறை தோற்றாள். மிஷன் விடுதியில் வளர்ந்தவள். வேத வசனத்தை ஒப்பிக்கிற மாதிரியே கணக்கையும் ஒப்பித்தாள். வசனத்தில் ஓர் எழுத்தை மாற்றலாமா? வினாத்தாளில் ஏழு என்று மாற்றிக் கேட்டிருந்த இடத்தில், புத்தகத்தில் இருந்த ஐந்தையே பயபக்தியோடு எழுதிவிட்டு வந்தாள்.

“ஆண்டவரு வசனத்த மாத்த மாட்டாரு கொழுந்தனாரே. இவனுக நம்பர மாத்திப்புட்டானுக!” என்று சிரித்தாள். சிரித்த வாய் அப்படியே கோணிக்கொண்டது.

அதற்குப் பிறகுதான் அந்தக் கை. கேள்வியை மட்டும் வாசிப்பாள்; விடையை மூடிக்கொண்டு தானே போட்டுப் பார்ப்பாள். முட்டி நின்றால் கையை ஒரு வரி கீழே இறக்குவாள், ஒரே ஒரு வரி. “நீ எங்கிட்டிருந்துடா வந்த? சொல்லிட்டுப் போ” என்று அந்த வரியோடு மல்லுக்கட்டுவாள். அப்படியும் பிடிபடாவிட்டால் படம் வரைவாள். கணக்குப் புத்தகத்தைப் படிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஆனால் புரிந்துகொள்வது வலிக்கும் என்பதை எந்தப் புத்தகமும் சொல்வதில்லை.

ஒரு மத்தியானம் கன அளவுப் பாடம். உருளை வடிவக் குழி. விட்டம் இவ்வளவு, ஆழம் இவ்வளவு, தோண்டிய மண் எவ்வளவு? முன்பு ராகம் போட்டு ஒப்பித்த அதே கணக்கு. மேலே ஒரு வட்டம் போட்டாள், கீழே ஒரு வட்டம், இரண்டையும் சேர்த்துக் கோடு இழுத்தாள். பென்சில் நின்றுவிட்டது.

“இது அவுக எறங்குன குழியில்ல?”

“அந்தப் பாடத்தை விட்ரு மதினி” என்றேன்.

“விட்டா? நானும் அங்கதான போகணும்.”

அந்தக் கணக்கே தேர்வில் வந்தது. அவள் தேறினாள். இன்று மின்விசிறிக்கு அடியில் கோப்புகளுக்கு எண் போட்டுக்கொண்டிருக்கிறாள். பிழைத்துக்கொண்டாள் என்கிறது தெரு. எனக்கு மட்டும் அந்தத் தேர்வு நாளைத் தாண்ட முடியவில்லை. பள்ளிக்கூட வாசலில், கொளுத்துகிற வெயிலில் வெளியே வந்தவள் தண்ணீரை வாங்கி மடமடவென்று குடித்தாள்.

“குழிக் கணக்கு வந்துச்சு. போட்டுட்டேன்.”

“படம்?”

“போட்டேன். மேல மூடியும் சேத்துத்தான் போட்டேன். மார்க்க கொறச்சா கொறச்சுக்கிறட்டும்.”