ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி

பெங்களூர் ஆஸ்பத்திரியில் என் அண்ணனுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் விவேக் நகர்க்காரர், பஸ் கண்டக்டர். உயரமான ஆள். கண் இரண்டும் மஞ்சளாகியிருந்தன. கோபமாகப் பேசும்போது ஒரு கை தானாகத் தலைக்கு மேலே போய், அங்கே இல்லாத கம்பியைப் பிடித்துக்கொள்ளும்.

அவருக்கு ஈரலில் புற்றுநோய்க் கட்டி. தொடை வழியாகக் குழாய் விட்டால் மருந்து கட்டிக்கு மட்டும்தான் போகும், வேறு எதையும் தொடாது என்று சொல்லித்தான் சிகிச்சை செய்தார்கள். மருந்து வழி தவறிப் பித்தப்பைக்கும் போய் அதை வேகவைத்துவிட்டது. காய்ச்சலிலும் வலியிலும் துடித்தார்.

காலையில் வந்த டாக்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. "சிலருக்கு இப்படி ஆகும். ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்று, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்படி கன்னடத்தில் சொன்னார்.

கண்டக்டரின் கை மேலே போனது.

"டாக்டர், அது நான் பஸ்ல தினம் கத்துற வார்த்தை. ஆனா படியில கால் வெக்கிறதுக்கு முன்னாடியே கூட்டம் அவனவன் கண்ணுக்குத் தெரியும். என்னைக் காலி பஸ்ஸுன்னு சொல்லித்தானே ஏத்துனீங்க?"

டாக்டர் எங்கள் பக்கம் திரும்பினார். அண்ணனுக்கும் அதே சிகிச்சைதான், வேறு எதையும் தொடாது என்று ஆரம்பித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உள்ள கூட்டம் எவ்வளவுன்னு மொதல்ல சொல்லுங்க சார்" என்றேன்.

பக்கத்துக் கட்டிலில் தூக்கிய கை அப்போதுதான் கீழே இறங்கியது.