பத்திரிகையில் அச்சான பட்டம்

நான் போன் செய்தால் எடுப்பவர்கள் முதலில் பயப்படுவார்கள். "காலேஜ்லேர்ந்து பேசறேன்" என்பேன். பிறகு, "என்ன ஆச்சு மேடம்?" என்று மெல்ல ஒரு குரல் வரும். எல்லாரும் கல்லூரியை விட்டு இருபது, இருபத்தைந்து வருடம் ஆனவர்கள். ஒருத்தர் சேலைக் கடையில் விற்பனையாளர், ஒருத்தர் மினி பஸ் ஓட்டுபவர், ஒருத்தருக்குப் பேத்தியே பிறந்துவிட்டது. ஆனாலும் கல்லூரி என்ற சொல்லைக் கேட்டதும், ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்டவர்கள் போல ஆகிவிடுவார்கள்.

நான் வேலை செய்யும் தொலைநிலைக் கல்வி மையம் பெரிய காஞ்சிபுரத்தில், ஒரு பட்டுக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. இரண்டு வருடம் படித்துவிட்டு நின்றவர்கள், எல்லாம் எழுதியும் ஓர் அரியரில் மாட்டிக்கொண்டவர்கள், இவர்களைத் தேடிப் பிடித்து மிச்சத் தாள்களை எழுத வைத்துப் பட்டம் வாங்க வைப்பதுதான் என் வேலை. பழைய பதிவேட்டிலிருந்து பெயர்களை எடுத்து ஒவ்வொருவராக அழைப்பேன். பாதி எண்கள் உபயோகத்தில் இருக்காது. மீதியில் பத்துப் பேரிடம் பேசினால் ஒருத்தர் மாடிப்படி ஏறி வருவார். வந்தவருக்குத் தைரியம் சொல்லுவேன். நன்றாகவே சொல்லுவேன். அந்தப் பயத்தை நானும் உள்ளுக்குள் அனுபவித்தவள்.

விஷயம் இதுதான்: நானும் பட்டம் வாங்கவில்லை. பி.ஏ. பொருளாதாரத்தில் புள்ளியியல் தாள் ஒன்று நின்றுபோயிற்று. மூன்று முறை எழுதி மூன்று முறையும் தோற்றேன். நாலாவது முறை தேர்வு அறை வாசல் வரை போனேன். மணி அடித்ததும் எல்லாரும் உள்ளே போனார்கள், நான் திரும்பி வீட்டுக்கு நடந்துவிட்டேன். அந்த வருடமே கல்யாணம் நிச்சயமானது. அப்பா பத்திரிகையில் என் பெயருக்குப் பக்கத்தில் பி.ஏ. என்று அச்சடித்துவிட்டார். "அடுத்த தடவ பாஸ் பண்ணிடப் போற, அதுக்கு என்ன இப்போ?" என்றார். அந்தப் பத்திரிகையை வைத்துத்தான் மாமியார் வீட்டார் தெருவெல்லாம் சொன்னார்கள், பட்டதாரி மருமகள் வருகிறாள் என்று.

இந்த வேலையில் சேரும்போதும் விண்ணப்பத்தில் பி.ஏ. என்று எழுதினேன். சான்றிதழைப் பிறகு தருகிறேன் என்றேன். பதினோரு வருடம் யாரும் கேட்கவில்லை. ஆய்வுக்கு ஆட்கள் வரும் நாட்களில், அலமாரியில் என் கோப்பு இருக்கும் தட்டை யார் கையாவது தொடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். மற்றவர்களுக்கு அரியர் எழுதச் சிறப்பு வாய்ப்பு வரும் ஒவ்வொரு முறையும், நானும் எழுதிவிடலாம் என்று தோன்றும். ஆனால் விண்ணப்பம் எங்கள் மையம் வழியாகத்தான் போக வேண்டும். போட்டால் தெரிந்துவிடும். போடாமலே இருந்தேன்.

அப்படி ஒரு சிறப்பு வாய்ப்பு வந்தபோதுதான் அந்த அக்கா வந்தார். கூரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில் அங்கன்வாடிப் பணியாளர். சமணக் குடும்பம், நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற வீடு. பி.ஏ. வரலாறு மூன்றாம் வருடத்தில் அப்பா இறந்துபோய், நிலத்தைப் பார்க்க ஆளில்லாமல் படிப்பை விட்டவர். மூன்று தாள்கள் பாக்கி. மேற்பார்வையாளர் பதவிக்குப் பட்டம் வேண்டும். அவருடைய வயதுக்கு இதுவே கடைசி வாய்ப்பு. மதிப்பெண் பட்டியல்களை ஒரு பிளாஸ்டிக் கவரில் மடிப்புக் கலையாமல் வைத்திருந்தார்.

"பயமா இருக்கு மேடம்," என்று அந்தக் கவரை என் மேசை மேல் வைத்தார். "நாப்பத்தாறு வயசுல பரீட்சைக்குப் போறேன்னா ஊர்ல சிரிப்பாங்க. எங்கூட்டுக்காரரு ஒண்ணும் சொல்லல. ஆனா சிரிச்சிக்கினேதான் கேட்டாரு."

"எழுதினா என்னக்கா ஆகும்? மிஞ்சிப் போனா ஃபெயில் ஆவீங்க. இப்பவும் பாஸ் ஆகாமதானே இருக்கீங்க?" என்றேன். எல்லாரிடமும் சொல்வதுதான். அவர் சிரித்துவிட்டார். எனக்குத்தான் அது நெஞ்சில் குத்தியது.

விண்ணப்பிக்கக் கடைசி நாள் அன்று இணையதளம் நகரவே இல்லை. என் மேசைக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். சமண வழக்கப்படி இருட்டுவதற்குள் சாப்பிட்டுவிடுகிற வீடு அக்காவுடையது. அவர் நிமிடத்துக்கு ஒரு முறை ஜன்னல் வழியே வெயிலைப் பார்த்தார். "நீங்க கிளம்புங்கக்கா, நான் போட்டு வுடறேன்," என்று அவரை அனுப்பிவிட்டு நானே எல்லாவற்றையும் நிரப்பி அனுப்பினேன்.

தேர்வுக்கு ஒன்பது நாள் முன்னால் ஹால் டிக்கெட்டுகள் வந்தன. அக்காவுடையதை அச்செடுத்தபோது மூன்றாவது வரியில் கண் நின்றது. பழைய பாடத்திட்டத்தில் அந்தத் தாள் ஐரோப்பிய வரலாறு. புதிய திட்டத்தில் அதே இடத்தில் சுற்றுலாவியல். நான் புதிய குறியீட்டைத் தட்டியிருந்தேன். மூன்று மாதம் ஐரோப்பாவைப் படித்தவர் கையில் சுற்றுலா வினாத்தாளைக் கொடுப்பார்கள். அவர் நேரே தோற்றுப்போவார். அடுத்த வாய்ப்பு வரும்போது அவருக்கு வயது தாண்டியிருக்கும்.

அந்தத் தாளை மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினேன். யாரிடமும் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. திருத்த வேண்டுமென்றால் தவறு செய்தவர் விளக்கக் கடிதம் எழுத வேண்டும். அதற்கு ஒரு படிவம் இருக்கிறது. பெயர், பதவி, அதற்குக் கீழே கல்வித் தகுதி, சான்றிதழ் எண். வேறு ஊழியர்களுக்காக அந்தப் படிவத்தை நானே எத்தனையோ முறை எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் அக்காவே வந்துவிட்டார், ஹால் டிக்கெட் வந்ததா என்று கேட்க. கையில் குழந்தைகள் படம் வரையும் நோட்டு. அதன் பின்பக்கங்களில் குறிப்பு எழுதியிருந்தார். ஒரு பக்கம் யாரோ ஒரு பிள்ளை கிறுக்கிய யானை, மறுபக்கம் பிரெஞ்சுப் புரட்சிக்கான காரணங்கள்.

"இது மட்டும் மனப்பாடமா வந்துடுச்சு மேடம். கேளுங்களேன்," என்றார்.

கேட்டேன். ஒன்றுவிடாமல் சொன்னார். "ஹால் டிக்கெட் இன்னும் வர்லக்கா," என்றேன். பொய். அவர் நம்பிக்கொண்டு படியிறங்கினார். குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலையில் முதல் பஸ்ஸில் அவர் ஊருக்கே போனேன். அங்கன்வாடியில் அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஹால் டிக்கெட்டைக் கொடுத்து, தவறு எது, யார் செய்தது என்று சொன்னேன்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "எப்ப வந்துச்சு இது?"

"முந்தா நேத்து."

"நேத்து நான் வந்தேனே."

நான் கொதிக்கும் சாம்பாரைப் பார்த்தேன்.

"தெரிஞ்சுக்கினேதான் என்னப் பாடம் ஒப்பிக்க வுட்டியா?" அதுவரை என்னை மேடம், நீங்க என்றே பேசியவர். "ஏன் பண்ண? நான் உன்ன என்ன பண்ணேன்?"

அப்போதுதான் சொன்னேன். என் புள்ளியியல் தாள், பத்திரிகை, படிவத்தின் அந்த வரி, எல்லாவற்றையும். அப்பாவுக்குப் பிறகு அதைத் தெரிந்துகொண்ட முதல் ஆள் அவர்தான். இரண்டு குழந்தைகள் எழுந்து வந்து எங்களையே பார்த்துக்கொண்டு நின்றன.

அவர் என்னைத் தேற்றவில்லை. குழந்தைகளை உட்கார வைத்தார், அடுப்பை அணைத்தார். பிறகு, "எனக்கு இது கடைசி சான்ஸு. உன் பயத்துக்கு என்னப் பலி குடுக்காத. போய் எழுதிக் குடு," என்றார்.

மையத்துக்குத் திரும்பி அந்தப் படிவத்தை எடுத்தேன். பெயர் எழுதினேன், பதவி எழுதினேன். மூன்றாவது வரிக்கு வந்ததும் பேனா நகரவில்லை. கீழே தெருவில் ஒரு ஷேர் ஆட்டோக்காரர் பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் நாலு முறை கூப்பிட்டு முடிக்கும் வரை பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பிறகு, "பி.ஏ., ஒரு தாள் தேர்ச்சி பெறவில்லை" என்று எழுதினேன்.

மையத்தின் பொறுப்பாளர் அதிகம் பேசாத மனிதர். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"என்னம்மா இது?"

"உண்மை சார்."

"பதினோரு வருஷமாவா?"

தலையாட்டினேன்.

"நான் இத மேல அனுப்பினா உங்க வேலையப் பத்திக் கேள்வி வரும். அனுப்பலன்னா அந்தம்மாவோட பேப்பர் போயிடும்."

"அனுப்புங்க சார்," என்றேன். தைரியமாகச் சொன்னதாக நினைக்க வேண்டாம். நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

அவர் இழுப்பறையிலிருந்து முத்திரையை எடுத்தார். "சர்டிஃபிகேட்ட கேட்டு வாங்காதது என் தப்பு. அதையும் நான் எழுதிக் குடுக்கணும்," என்றார். பிறகு முத்திரை வைத்துக் கையெழுத்துப் போட்டார். "ஒரு வருஷம் டைம். அதுக்குள்ள நீங்க முடிக்கணும். அதுவரைக்கும் எந்த ஃபார்ம்லயும் உங்க கையெழுத்து இருக்கக் கூடாது. தற்காலிக உதவியாளர்னுதான் போடுவேன்."

மறுநாள் அந்தக் கடிதத்தை நேரில் கொடுக்கச் சென்னைக்குப் போனேன். பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கூப்பிட்டதும், எல்லார் எதிரிலும் அந்த வரியைச் சத்தமாகப் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். அங்கிருந்த ஊழியர் பாடக் குறியீட்டை மட்டும் பார்த்தார், கணினியில் மாற்றினார், கடிதத்தை ஒரு கட்டுக்குள் செருகினார். என் தகுதியை அவர் படித்ததாகவே தெரியவில்லை. புது ஹால் டிக்கெட் தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் வந்தது.

அடுத்து வீட்டில் சொல்ல வேண்டியிருந்தது. என் கணவர் சேலைகளுக்குக் கணினியில் டிசைன் போடுபவர். அன்று ஒரு முந்தானைக்கு அன்னப்பட்சி போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். திரையிலிருந்து அவர் கண் திரும்பவில்லை.

"பத்திரிகையில போட்டிருந்துச்சே."

"அப்பா போட்டாரு. நான் தடுக்கல."

"பரீட்சைக்குப் பயந்தியா, எங்களுக்குப் பயந்தியா?"

"ரெண்டுக்கும்."

அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அந்த ஒரு மணி நேரம்தான் இதில் எல்லாவற்றையும்விட மோசம். திரும்பி வந்தபோது, "எங்கம்மாகிட்ட நானே சொல்றேன். நீ சொன்னா அழுவ," என்றார். அதன் பிறகும் நாலைந்து நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. பொய் சொன்னதுகூடப் பெரிதில்லை, இத்தனை வருடம் பக்கத்திலேயே இருந்தும் சொல்லவில்லையே என்று பின்னால் ஒரு நாள் சொன்னார். அத்தை கேட்டுவிட்டு, "அப்போ தெருவுல நான் பீத்திக்கினதெல்லாம்?" என்று மட்டும் கேட்டாராம்.

அக்கா மூன்று தாளும் எழுதினார். ஐரோப்பிய வரலாற்றுத் தேர்வு அன்று, அறைக்கு வெளியே மரத்தடியில் நின்றேன். ஐந்து மணிக்கு வெளியே வந்தவர் பையிலிருந்த டப்பாவைத் திறந்து, வெயில் இருக்கும்போதே தயிர்சாதத்தைச் சாப்பிட்டு முடித்தார். பிறகுதான், "பிரெஞ்சுப் புரட்சி வந்துச்சு," என்றார். மூன்றிலும் தேறினார். மேற்பார்வையாளர் பதவிக்கான பட்டியலில் இப்போது அவர் பெயர் இருக்கிறது. ஆணை இன்னும் வரவில்லை.

என் விண்ணப்பத்தை அடுத்த வாய்ப்பில் போட்டேன். முதல் தடவை ஆறு மதிப்பெண்ணில் தோற்றேன். கொடுத்த ஒரு வருடத்தில் இன்னும் ஒரே தேர்வுதான் மிச்சம். பயத்தில் கூட்டல்கூட மறந்துபோகும். காலையில் சமைத்துக்கொண்டே சூத்திரங்களைச் சொல்லிப் பார்ப்பேன், பாதியில் நின்றுவிடும். அந்தக் கடைசித் தேர்வு நாளில் மணி அடித்தபோது கால்கள் வாசல் பக்கம்தான் இழுத்தன. முன்னால் போன ஒரு பெண்ணின் பின்னலையே பார்த்துக்கொண்டு அவள் பின்னாலேயே உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். அதுதான் நான் செய்த ஒரே வீரச் செயல். முதல் கேள்வி தெரியவில்லை. இரண்டாவது தெரிந்தது. அங்கிருந்து தொடங்கினேன்.

முடிவு வந்த அன்று அக்கா ஏதோ சான்றிதழ் நகலுக்காக மையத்துக்கு வந்திருந்தார். ஊரில் எத்தனையோ பேருக்கு முடிவு பார்த்துச் சொன்ன நான், என் பதிவெண்ணைத் தட்ட முடியாமல் விசைப்பலகை மேல் கையை வைத்துக்கொண்டு இருந்தேன்.

"எழுந்துருமா," என்று அவர் என் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒவ்வொரு எண்ணாக ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டினார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நாப்பத்தி மூணு," என்றார். "நாப்பது இருந்தா போதும்தானே?"

போதும் என்றேன். ஆனால் திரும்பிப் பார்க்க எனக்கு இன்னும் சிறிது நேரம் ஆயிற்று.