ஒரு கோடு மட்டும் ஊதா

கள்ளக்குறிச்சியில் ஃபிளெக்ஸ் அடிக்கும் கடைக்காரர் அவர். எதையும் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டுதான் பார்ப்பார்.

மாதத்தில் எத்தனை நாள் குடிநீர் வந்தது என்று, எங்கள் ஊரின் எட்டுத் தெருவுக்கும் எட்டுக் கலரில் கோடு போட்டு அவரிடம் எடுத்துப்போனேன். கிராமசபையில் காட்ட வேண்டும். எனக்குப் பேச வராது.

"இன்னாக்கா, திருவிழாவா? உங்க தெரு எது?"

இருப்பதிலேயே குட்டையான கோட்டைக் காட்டினேன்.

மற்ற ஏழையும் சாம்பலாக்கினார். "செவப்பு போட்டா கட்சின்னுவாங்க. ஊதா யாருதும் இல்ல" என்று அதற்கு மட்டும் ஊதா கொடுத்தார்.

சபையில் அவர் அடித்துக் கொடுத்த அட்டையைத் தூக்கிப் பிடித்தேன். "அந்த ஊதா எந்தத் தெரும்மா?" என்று தலைவரே கேட்டார்.

"எங்க தெருங்க."

அவ்வளவுதான் பேசினேன். மறுவாரம் தண்ணீர் வந்தது.

கடைக்காரருக்கு நன்றி சொல்லப் போனபோதுதான் கவனித்தேன். அவர் கடைப் பெயர்ப் பலகையிலேயே ஒன்பது கலர். ஏனென்று கேட்க இன்னும் எனக்கு வாய் வரவில்லை.