பதில் அனுப்பாதவள்

தையலக்காவுக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பது தெருவுக்கே தெரியும். ஆனால் அன்று வந்த கோபம் வேறு ரகம்.

அவளுடைய கணவர் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்து நுரையீரலைத் தொலைத்தவர். கட்டிலருகே ஆக்ஸிஜன் மெஷின் ஓயாமல் உறுமிக்கொண்டிருக்கும். அது நெடுநேரம் நின்றால் அவரும் நின்றுவிடுவார்.

இந்த நேரத்தில்தான் சட்டசபை ஒரு சட்டம் போட்டது. மின்கட்டண முறையை நுகர்வோரே தேர்ந்தெடுக்கலாம்: பழையபடி எந்நேரமும் ஒரே விலை, அல்லது பகலில் அதிகம், இரவில் குறைவு. மின் நிறுவனம் எல்லோருடைய போனுக்கும் செய்தி அனுப்பியது. பதில் சொல்லாதவர்களையெல்லாம் இரண்டாவது முறைக்கு மாற்றிவிட்டது. அக்கா அதை ஏதோ விளம்பரம் என்று அழித்திருந்தாள்.

வீங்கி வந்த பில்லைக் கணவர்தான் பார்த்தார். வாய் திறக்கவில்லை. அவள் தைத்த துணிகளைக் கொடுக்கக் கிளம்பியதும் மெஷினை அணைத்துவிடுவார். ஒருநாள் எதையோ மறந்து பாதி வழியில் திரும்பினாள். வீட்டில் சத்தமே இல்லை. உதடு நீலம் பாரித்துச் சுவரில் சாய்ந்திருந்தார்.

பாய்ந்து சுவிட்சைப் போட்டாள். அவர் முகத்தில் ரத்தம் திரும்பிய பிறகுதான் கேட்டாள்.

"என்னங்க பண்ணிட்டிருந்தீங்க?"

"பகல்ல ரேட் ஜாஸ்தியாம். ராத்திரி சேத்து இழுத்துக்கலாம்னு பாத்தேன்."

பக்கத்து வீட்டுக்காரியை அவரருகே உட்கார வைத்துவிட்டு நேரே மின் அலுவலகம் போனாள்.

"நீங்கதாம்மா இதைத் தேர்ந்தெடுத்திருக்கீங்க" என்றார் கவுண்ட்டர்காரர்.

"நானா? எப்போ?"

"பதில் அனுப்பலையே. அனுப்பலைன்னா சம்மதம்."

"உங்க பொண்ணைக் கேட்டு எவனோ மெசேஜ் அனுப்புறான், நீங்க பாக்கலை. கல்யாணம் முடிஞ்சிருச்சா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. அவர் முகம் சிவந்தது. "சட்டம் அப்படி. எம்.எல்.ஏ.க்கள் குழு குறை கேக்குது, அங்க போய்ச் சொல்லுங்க."

போனாள். குளிரூட்டிய அறை. வேலைகளை இரவுக்கு மாற்றிக்கொண்டால் எவ்வளவோ சேமிக்கலாம் என்று நிறுவன அதிகாரி இனிக்க இனிக்கப் பேசிக்கொண்டிருந்தார். அக்கா எழுந்துவிட்டாள்.

"எம் புருஷன் மூச்சு விடறதையும் ராத்திரிக்கு மாத்தணுமா?"

"உங்க முறை வரட்டும்மா, உக்காருங்க" என்றார் குழுத் தலைவர்.

"என் முறை வர்ற வரைக்கும் அவர் இருக்கணுமேய்யா!"

உட்காராமலே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் பலர் எழுந்தார்கள்.

சில மாதங்களில் சட்டம் திருத்தப்பட்டது: கையெழுத்து இல்லாமல் யாரையும் மாற்றக் கூடாது. ஏற்கெனவே மாற்றப்பட்டவர்கள் மட்டும் விண்ணப்பித்துத்தான் திரும்ப வேண்டுமாம். அவளும் வரிசையில் நின்று பழைய விலையை வாங்கி வந்தாள்.

"ஜெயிச்சிட்டீங்களேக்கா!" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"என்னத்த ஜெயிச்சேன்? என் கையில இருந்ததைப் பிடுங்கினான். நானே போய் மனு கொடுத்து வாங்கிட்டு வந்தேன். இதுக்குப் பேரு ஜெயிக்கிறதா?"

இப்போதும் வெளியே போனால் வழியில் நின்று வீட்டுக்குப் போன் போடுகிறாள். கணவர் பேச வேண்டாம், போனை மெஷின் பக்கம் பிடித்தால் போதும்.

"என்னை நம்ப மாட்டியா?" என்று கேட்டுப் பார்த்தார்.

"மாட்டேன்" என்றாள்.